கோணக்குளத்துப் படகு மெம்பர்

பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் கிடங்கு ஒன்றில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே ஆயுசைக் கழித்தவர் மீரான் பாயின் அத்தா. மகன் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. எச்சில் தட்டுக் கழுவப் போன சாப்பாட்டுக் கடையில், சமையலைக் கண்ணாலேயே பார்த்துப் பிடித்துக்கொண்டார். பிரியாணி ஆக்க ஒற்றைத் தேக்சா, ஒரு கரண்டி, ஒட்டன்சத்திரம் ரோட்டில் காய்கறி லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமரத்து நிழல். இவ்வளவுதான் முதல். அந்த நிழலிலிருந்து வரிசையாகப் பெஞ்சு போட்ட ஓட்டுக் கடைக்கு வந்தது எவன் தயவிலும் இல்லை. பாலக்காட்டுக்குப் போகிற டிரைவர்கள் பசியை அடக்கிக்கொண்டு வந்து மீரான் பாய் கடையில்தான் கை நனைப்பார்கள். இதை அவர் யாரைக் கண்டாலும் ஒரு தரம் சொல்லிவிடுவார். சொன்னால் என்ன தப்பு? உள்ளங்கை காய்த்தவன் கையை விரித்துக் காட்டத்தான் செய்வான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும்வரை தான் உட்காருவதில்லை. அது கடை வைத்த பிறகு வந்த பழக்கம் இல்லை, ரத்தத்தில் ஊறியது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தோல் கிடங்கு முதலாளியே ஆனாலும், விருந்து வைக்கிற வீட்டுக்காரன் தோளில் துண்டோடு நின்று, தன் கையால் அள்ளிப் போட வேண்டும். அதுதான் அவனுக்குப் பெருமை. கூலிக்கு ஆள் விட்டுப் பரிமாறச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவனை யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். வந்த வினை முழுக்க இந்த வழக்கத்திலிருந்துதான் வந்தது.

ரெட்டியார்சத்திரம் போகிற வழியில் இருக்கிறது கோணக்குளம். ஐப்பசியில் நிறைந்தால் மாசியில் சேறாகிவிடும், சித்திரையில் ஆடு மேயும். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அடைமழை கொட்டி, குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தது. அதைப் பார்த்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஓர் ஆசை முளைத்தது. வக்கீல் ராயப்பராஜ், ஒரு மில் மானேஜர், ஒரு டாக்டர், சில ஆபீசர்கள் கூடிப் படகு சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வக்கீல்தான் செயலாளர். மலை மேல் ஏரியிலிருந்து பழைய படகு இரண்டு வாங்கி லாரியில் இறக்கினார்கள். அந்தக் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பொம்மையனைத் துடுப்புப் போட வைத்துக்கொண்டார்கள்.

படகு ஏற்றி வந்த லாரி மீரான் பாய் கடை வாசலில் நின்றது. கூட வந்த வக்கீல் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பாய், நீங்களும் நம்ம சங்கத்துல சேரலாமே. வியாபாரிகளும் நாலு பேரு இருக்கணும்ல."

அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். மீரான் பாய் அதை இரண்டாம் முறை சொல்ல விடவில்லை. வருஷ சந்தாவைக் கல்லாவிலிருந்து எடுத்து அங்கேயே நீட்டினார். சுண்ணாம்புத் தொட்டிக்காரன் மகனை ஒரு வக்கீல் 'நம்ம சங்கம்' என்று சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். படகு பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதை ஜிப்பாவில் குத்திக்கொண்டுதான் அதன் பிறகு கல்லாவில் உட்காருவார்.

அவர் மனைவியின் தம்பி அப்துல் லத்தீப், கச்சாத்தோல் வியாபாரி, வாய் கொஞ்சம் நீளம். அவனால் அந்த வில்லையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது.

"ஏன் மச்சான், ஆடு மேயுற எடத்துக்குப் படகு சந்தாவா? பாதி வருசம் படகக் கவுத்துப் போட்டுக் கோழிதான் அடைக்கணும்."

"உனக்கு என்ன தெரியும் மாப்புள. தண்ணிக்கா கட்டுறேன்? யாரு பக்கத்துல உக்காருறேன்கிறதுக்குக் கட்டுறேன்."

"உக்காந்தாச்சா?"

"உக்காருவேன்டா. போயி தோலுக்கு உப்புப் போடு."

சங்கத்தின் முதல் கூட்டம் குளத்துக் கரைப் புளியமரத்தடியில் நடந்தது. அன்றைக்குச் சாப்பாடு என் பொறுப்பு என்று மீரான் பாயே முன்வந்தார். காசு வேண்டாம் என்றார். தேக்சாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தோளில் துண்டு போட்டு, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து தன் கையால் பரிமாறினார். அவர் கணக்குப்படி அன்று கோணக்குளத்துக்கே அவர்தான் வீட்டுக்காரர். சாப்பிட்டவர்கள் கணக்கு வேறு என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டும் கரண்டியுமாக நின்ற ஆளை அவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? "பாய், இன்னும் கொஞ்சம் கறி", "பாய், தண்ணி" என்றார்கள். அவருக்கு அது தேனாக இருந்தது.

அதிலிருந்து சங்கம் கூடுகிற நாளெல்லாம் மீரான் பாய் பிரியாணி. அவர்கள் பந்தி முடித்துப் படகில் ஏறும்போது அவர் தேக்சா பக்கம் நிற்பார். அவர்கள் இறங்கி வரும்போது டீ போட்டுக்கொண்டிருப்பார். பிறகு வெயில் தாழ்ந்துவிடும், பொம்மையன் படகைக் கட்டிவிடுவான். அடுத்த தடவை ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பார். அடுத்த தடவையும் அதே கதைதான். வருஷங்கள் போக, இனிமேல் போய் 'நானும் ஏறுகிறேன்' என்று கேட்பதே வெட்கம் என்று ஆகிவிட்டது. சந்தாவை மட்டும் யாரும் கேட்குமுன் கட்டினார்.

ஆனால் கடையில் வந்து உட்கார்ந்தால் பேச்சே வேறு. படகு எப்படிப் போகும் என்று டிரைவர்கள் கேட்பார்கள். "தொட்டில் மாதிரிடா. ஏறி உக்காந்தா தூக்கம் வந்துரும்" என்பார். அது பொம்மையன் டீ குடிக்க வந்தபோது சொன்னது. கேட்டதைப் பார்த்ததாகச் சொன்னார், பார்த்ததைச் செய்ததாகச் சொன்னார்.

உள்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி ஜெய்தூன் பீவி. நத்தத்துக்காரி. மாந்தோப்புக் கிணற்றில் ஆண்பிள்ளைகளுக்குச் சரியாக மேல்படியிலிருந்து குதித்து நீந்தியவள். வயசுக்கு வந்த நாளோடு அது நின்றது. அதற்குப் பிறகு அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் குடத்திலும் அண்டாவிலும்தான். வேப்பமரத்தடி நாளிலிருந்து அந்தக் கடைக்கு அரைத்ததும் உரித்ததும் அவள் கை. நகை வேண்டும், சேலை வேண்டும் என்று வாய் திறந்ததில்லை. ஒரு நாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, படகுல போனா அடியில தண்ணிக்குள்ள என்னமாச்சும் தெரியுமா?"

"தெரியாம? தாமரத் தண்டு அம்புட்டும் தெரியும் புள்ள. பாம்பு மாதிரி வளஞ்சு வளஞ்சு ஆடும்."

அவள் பாதி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போறீங்களா?"

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். மீரான் பாய் சரி என்றார். மெம்பர்கள் குடும்பத்தோடு வருகிற நாள் ஒன்று தை மாதத்தில் வரும். அன்றைக்குப் போகலாம் என்றார். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சின்னாளபட்டிப் பட்டு ஒன்று, மாம்பழ நிறத்தில், லத்தீப் எடுத்துக் கொடுத்தது, மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதை வெயிலில் ஒரு தரம் காட்டி எடுத்து வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. முந்தின சாயங்காலம் கடைச் சமையல்காரர் வீட்டில் ஒருவர் இறந்து, மவுத்து விழுந்துவிட்டது. அவரைப் போகச் சொல்லாமல் இருக்க முடியுமா? பந்தியையும் அடுப்பையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாதே, ஆளுக்கு எங்கே போவது என்று மீரான் பாய் தலையைச் சொறிந்தார்.

"நான் இல்லையா? ஆக்கி எறக்கிட்டு அங்கனயே சேல மாத்திக்கிறேன்" என்றாள் ஜெய்தூன்.

பட்டை ஒரு துணியில் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய நூல் சேலையோடு, மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, பாத்திர வண்டியில் ஏறி வந்தாள். கரையின் சரிவில் அடுப்பு மூட்டி, புகையில் கண் சிவக்க, வெங்காயம் வதக்கி, கறி வேகவைத்து, அரிசி போட்டு, மூடிமேல் நெருப்பள்ளி வைத்துத் தம் போட்டாள். அடுப்படியில் துப்பட்டி இழுபடுகிறது என்று அதைக் கழற்றிப் புளியங்கிளையில் போட்டிருந்தாள். அன்றைக்குப் பிரியாணி வாய்த்ததுபோல் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை. பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். குளத்தில் தண்ணீர் தளதளவென்று கிடந்தது. அவள் இடையிடையே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்தது. சேலைச் சுருட்டை எடுத்துக்கொண்டு அவள் மடைக்கு அந்தப் பக்கம் போகத் திரும்பினாள். அப்போது வக்கீல் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க பாரு. இந்த எச்சில எல்லாம் வெரசா எடுத்துரு. பொம்பளையாளுக படகுக்குப் போற வழி."

ஜெய்தூன் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, தன் புருஷனைப் பார்த்தாள். மீரான் பாய் கரண்டியோடு நாலடி தூரத்தில் நின்றார். பக்கத்தில் மில் மானேஜர் மனைவி, நல்ல மாதிரி அம்மாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே அன்பாகத்தான் கேட்டாள்.

"அருமையான கைப்பக்குவம். யாரு பாய் இந்த அம்மா? உங்க கடையில வேல பாக்குறவங்களா?"

பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? என் வீட்டுக்காரி என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு நொடியில் அவர் புத்தி எங்கெங்கோ ஓடியது. சொன்னால் வக்கீல் முகம் சுருங்கும். மெம்பர் பெண்சாதியா இந்தக் கோலத்தில் அடுப்பு ஊதினாள் என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பித்தளை வில்லை அன்று நன்றாகத் துலக்கப்பட்டு நெஞ்சில் மின்னிக்கொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா," என்றார். "கடையில கூடமாட வேல செய்யுறது."

அவள் காதில் அது விழுந்தது. சேலைச் சுருட்டைப் புளியமரத்து வேரில் வைத்துவிட்டுக் குனிந்தாள். ஓர் இலையை மடித்தாள், அடுத்த இலையை மடித்தாள். கடையில்கூட அவள் அந்நியர் இலையைத் தொட்டதில்லை. மீரான் பாய் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு ஓடிப் போய் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"விடு புள்ள, நான் எடுக்குறேன்."

"நீங்க மெம்பரு," என்றாள் மெதுவாக. "தள்ளி நில்லுங்க."

பெண்கள் கூட்டம் இரண்டு மூன்று நடை படகில் போய் வந்தது. சிரிப்புச் சத்தம் தண்ணீர்மேல் கேட்டது. கடைசியில் பொம்மையன் ஒரு படகைக் கரைக்கு ஒட்டி நிறுத்திவிட்டு ஏறி வந்தான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

"பாய், ஒரு நடை காலியாக் கெடக்கு. அக்காவ ஏறச் சொல்லுங்க. நீங்களும் ஏறுங்க. இத்தன வருசமா வாரீங்க, ஒரு நாளு கூட நீங்க ஏறிப் பாக்கலையே."

ஜெய்தூன் நிமிர்ந்தாள்.

"இவுக ஏறினதே இல்லையாண்ணே?"

"எங்கிட்டு ஏறுனாரு? தேக்சாவ விட்டு நகந்தாத்தான."

மீரான் பாய் தலை தொங்கிவிட்டது. தாமரைத் தண்டும் தொட்டிலும் பொய். வேலைக்காரி என்று சற்று முன் சொன்னது அதைவிடப் பெரிய பொய். ஒரே பகலில், ஒரே ஆள் முன்னால், இரண்டும் வெளுத்துப்போயின.

"நீங்க படகக் கட்டுங்கண்ணே," என்றாள் அவள். "எனக்குப் பாத்திரம் கெடக்கு."

தேக்சாவை உருட்டிக்கொண்டு போய், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, சாம்பலும் வைக்கோலும் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் ஆசைப்பட்டு வந்தவளுக்குக் கிடைத்த தண்ணீர் அவ்வளவுதான். பட்டுச் சேலை சுருட்டியபடியே பெட்டிக்குத் திரும்பியது.

வீட்டில் சண்டை வரும் என்று மீரான் பாய் எதிர்பார்த்தார். வந்திருந்தால் பிழைத்திருப்பார். அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகு எப்படி இருந்தது என்று தெருப் பெண்கள் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்துச்சு, கூட்டம்" என்றாள். அவர் மானத்தை அவள் மூடிவைத்தாள், அவரால் நிமிர முடியவில்லை. கடையில் யாராவது படகுப் பேச்சை எடுத்தால், உள்கட்டில் அம்மி அரைக்கிற சத்தம் கொஞ்சம் கூடும். அவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார். வில்லை ஜிப்பாவை விட்டு இறங்கிக் கல்லாவின் மூலைக்குப் போனது. ஒரு கல்யாணத்துக்கு அவள் அந்த மாம்பழ நிறப் பட்டை உடுத்தி வந்தபோது, அவருக்குத் தட்டில் கை வைக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. குளத்தில் ஆடுதான் மேய்ந்தது. இருந்தாலும் வக்கீல் ராயப்பராஜ் மதிய வெயிலில் குடையோடு சந்தாவுக்கு வந்து கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தண்ணி இல்லாட்டி என்ன பாய். கூடிச் சாப்பிடலாம். போன தடவை வந்துச்சே ஒரு சமையக்காரம்மா, அதையே கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுல இன்னமும் அந்தச் சாப்பாட்டப் பத்தித்தான் பேச்சு."

உள்ளே அம்மிச் சத்தம் நின்றுவிட்டது. மீரான் பாய் கல்லாவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அது சமையக்காரி இல்லைங்க. என் வீட்டுக்காரி."

வக்கீல் சிரித்த வாய் அப்படியே நின்றது. விளையாட்டா என்று அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன பாய் இது. என் வாயாலயே அவங்கள எச்சில் எடுக்கச் சொன்னேனே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டு, முதல் படகுல எங்க வீட்டு அம்மா பக்கத்துல உக்கார வச்சிருப்பேனே."

அந்த மனிதர் மெய்யாகத்தான் சொன்னார், குரலே காட்டியது. மீரான் பாய்க்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு வருஷமாக அவர் மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நம்மை வேலைக்காரனாக்கிவிட்டார்கள், கௌரவம் தெரியாத ஆட்கள் என்று. அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவளை வேலைக்காரி ஆக்கியது அவர் நாக்கு ஒன்றுதான்.

உள்ளேயிருந்து ஜெய்தூனின் குரல் வந்தது.

"வெயில்ல வந்திருக்காக. சர்பத்து கலக்கி வச்சிருக்கேன், எடுத்துக் குடுங்க."

மீரான் பாய் எடுத்துக் கொடுத்தார். சந்தா கட்டவில்லை, வில்லையைத் திருப்பிக் கொடுத்தார். வக்கீல் சர்பத்தைக் குடித்துவிட்டு, உள்கட்டுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தச் சங்கமும் அதிக காலம் நிற்கவில்லை. தொடர்ந்து மழை இல்லை, பதவியில் இருந்தவர்களுக்கு மாற்றல் வந்தது.

லத்தீப்புக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பவாச்சும் தெளிஞ்சுச்சா மச்சான்? அம்புட்டுக் காசும் தண்டம்னு நான் அப்பவே சொன்னேன்ல."

"சங்கத்து மேல குத்தம் இல்ல மாப்புள," என்றார் மீரான் பாய். எந்தக் கதையையும் மூன்று மடங்காக்கிச் சொல்லுகிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அறுபதுகளில் ஒரு வருஷம் மறுபடியும் கோணக்குளம் நிறைந்தது. சங்கத்துப் படகு ஒன்றைப் பொம்மையன் தார் பூசி மீன் பிடிக்க வைத்திருந்தான். மீரான் பாய் தானே போய் அவனிடம் பேசினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடையைச் சாத்தினார். அதுவரை பெருநாளுக்குத் தவிர அந்தக் கடையைச் சாத்தியதில்லை.

"பொளுதோட வந்துரலாம், வா புள்ள. பொம்மையன் படகு வச்சுக்கிட்டு நிக்கிறான். வேற யாரும் இல்ல, நீயும் நானும்தான்."

ஜெய்தூன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தண்ணின்னா பயங்க. நீங்க போயிட்டு வாங்க."

மாந்தோப்புக் கிணற்றின் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதித்தவள் சொன்னாள் அதை. அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்தது.

பொம்மையன் காத்துக்கொண்டு நிற்பானே என்று குளத்துக்குப் போனார். "அக்கா வரலையா? சரி, நீங்களாச்சும் ஏறுங்க" என்றான். ஏறினார். தொட்டில் மாதிரியெல்லாம் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்தது, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடுக்குளத்தில் எட்டிப் பார்த்தார், செம்மண் தண்ணீர்தான் தெரிந்தது. எதிர்ப் பலகையில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, பல வருஷத்துக்கு முன் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"அடியில தண்டு தெரிஞ்சுச்சா?"

மீரான் பாய் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல புள்ள. ஒரே கலங்கல். ஒண்ணும் தெரியல."

"அப்படித்தான் இருக்கும், புது வெள்ளமுல்ல," என்றாள் ஜெய்தூன். தன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.